ஸ்டெம் செல்: எது சிகிச்சை, எது சோதனை, எது வியாபாரம்?

தலசீமியாவோடு பிறந்த குழந்தைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்புச்சத்து இதயத்திலும் கல்லீரலிலும் படியும். அதை வெளியேற்றத் தனி மருந்து. அந்தக் குழந்தையின் அண்ணனோ அக்காவோ பொருத்தமான ஸ்டெம் செல்லைக் கொடுத்து, மாற்று சிகிச்சையும் வெற்றி பெற்றுவிட்டால், மாதாமாதம் ரத்தம் ஏற்ற ஓடும் வாழ்க்கை அதோடு முடிகிறது. இது வருங்காலக் கனவல்ல. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983-லும், வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது.

அதே ‘ஸ்டெம் செல்’ என்ற பெயரைச் சொல்லித்தான், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஊசி போட்டு லட்சக்கணக்கில் பணம் வாங்குகிற இடங்களும் இருக்கின்றன. பெயர் ஒன்றுதான். முன்னதற்குப் பல பத்தாண்டு அனுபவமும் ஆதாரமும் உண்டு, பின்னதற்கு இல்லை. இந்த வேறுபாடு தெரியாததால் வீட்டை அடமானம் வைக்கிற பெற்றோருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மஜ்ஜை என்னும் நாற்றங்கால்

நம் ரத்தத்தில் உள்ள சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்தான் வாழும். தட்டணுக்களுக்கு அதைவிடக் குறைந்த ஆயுள். பழையவை அழிய அழியப் புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. அவை எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்து உருவாகின்றன. வயலுக்கு நாற்று அனுப்பும் நாற்றங்கால் போன்றது மஜ்ஜை. ஸ்டெம் செல்லுக்கு இரண்டு திறன்கள் உண்டு: தன்னைப் போன்ற இன்னொரு செல்லை உருவாக்கும், வேறு வேலை செய்யும் செல்லாகவும் மாறும்.

1961-ல் டொராண்டோவில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லோக் என்ற இருவர் எலிகளை வைத்து இதை நிறுவினார்கள். அதற்கு முன்பே, 1957-ல், அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் மனிதருக்கு மஜ்ஜை செலுத்திப் பார்த்த முயற்சிகளை வெளியிட்டிருந்தார். தொடக்கத்தில் பெரும்பாலும் தோல்விதான். பல ஆண்டுகள் விடாமல் உழைத்து ரத்தப் புற்றுநோய்க்கு அதைச் சிகிச்சையாக ஆக்கிய அவருக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மரபில் வேலூரில் நடந்த ஒன்றை நாம் பெருமையோடு சொல்லலாம். கடுமையான ஹீமோபிலியா உள்ள ஐந்து பேரிடமிருந்து அவர்களுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து, ரத்தம் உறைவதற்குத் தேவையான காரணி 8-ஐ உருவாக்கும் மரபணுவை அதில் சேர்த்து, திரும்ப அவர்கள் உடலிலேயே செலுத்தினார்கள். கண்காணிப்புக் காலத்தில் ஐவரில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்ற முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் முறைப்படி அனுமதி வாங்கி, முடிவை உலகத்தின் முன் வைத்துச் செய்த ஆய்வு அது.

சுண்ணாம்பு பட்ட கண்

வெற்றிலைக்கு வாங்கி வைத்த சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்துகிறது. அது பீச்சிக் கண்ணில் அடிக்கிறது. நம் நாட்டில் குழந்தைகளின் கண் வெந்துபோவதற்கு இது முக்கியமான காரணம். கருவிழியின் ஓரத்தில், கருப்பும் வெள்ளையும் சேரும் வட்டத்தில்தான் கருவிழியின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. சுண்ணாம்பு அவற்றைக் கொன்றுவிட்டால், வெள்ளை விழியின் சவ்வு ரத்தக்குழாய்களோடு கருவிழி மேல் படர்ந்து பார்வையை மூடிவிடும். அந்த நிலையில் கண்தானத்தில் கிடைத்த கருவிழியை மட்டும் பொருத்தினால் அது நிலைக்காது.

ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய வழி கண்டு 2012-ல் வெளியிட்டார்கள். நோயாளியின் நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து மிகச் சிறிய துண்டு ஒன்றை எடுக்கிறார்கள். அதைப் பொடித்துண்டுகளாக நறுக்கி, வெந்த கண்ணின் மேல் பரப்பிய பனிக்குடச் சவ்வில் பசை வைத்து ஒட்டுகிறார்கள். சில வாரங்களில் அந்தத் துண்டுகளிலிருந்து செல்கள் பரவிப் புதிய மேற்பரப்பு உருவாகிறது. செல்லை வளர்க்க விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஸ்டெம் செல் என்றாலே பணக்காரர் வைத்தியம் என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். (கண்ணில் சுண்ணாம்பு பட்டால் எதையும் தேடாமல், உடனே சுத்தமான தண்ணீரால் இருபது, முப்பது நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.)

கருவைத் தொடலாமா?

இதுவரை சொன்னவை வளர்ந்த மனிதரின் ஸ்டெம் செல். அறநெறிச் சிக்கல் பெரிதாக எழுந்தது 1998-ல். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன், கருத்தரித்துச் சில நாளே ஆன மனிதக் கருவின் உட்செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அந்தச் செல்லால் உடலின் எந்தத் திசுவாகவும் மாற முடியும். ஆனால் அதை எடுக்கும்போது கரு அழிந்துவிடுகிறது. கருவையும் ஓர் உயிராக மதிப்பவர்களுக்கு இது ஏற்கத்தக்கதல்ல. அமெரிக்காவில் 2001-ல் அதிபர் புஷ் அரசு நிதிக்குக் கட்டுப்பாடு வைத்தார். 2009-ல் ஒபாமா அதைத் தளர்த்தினார்.

2006-ல் ஜப்பானின் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைச் செலுத்தி எலியின் சாதாரணச் செல்லையே கருநிலைச் செல் போல மாற்றினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் செய்து காட்டினார். கருவை அழிக்காத இந்த வழிக்கு 2012-ல் நோபல். அதோடு விவாதம் ஓய்ந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு, அது சரியல்ல. முதல் வகை சர்க்கரை நோய்க்கு ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய கணையச் செல்களைப் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பிறகு இன்சுலின் தேவைப்படவில்லை என்று 2025-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அந்தச் செல்களின் மூலம் மனிதக் கருதான். அவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அதிகம் காணும் இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கான ஆய்வு அல்ல இது.

இந்தக் கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வியும் அல்ல. குழந்தையின்மைச் சிகிச்சை மையங்களில் மீதமாகும் கருக்கள் உறைநிலையில் இருக்கின்றன. 2021-ம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைப் பத்து ஆண்டு வரைதான் வைத்திருக்கலாம். பிறகு அழிய விட வேண்டும், அல்லது தம்பதியின் சம்மதத்தோடு ஆய்வுக்குத் தர வேண்டும். அந்த முடிவை எடுக்கும் உரிமை தம்பதிக்குத்தான். நீட்டுகிற தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போடாமல், ‘மீதமாகும் கருவை என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

கருவைப் பற்றிப் பேசுகிறவர்கள் கருமுட்டை தரும் பெண்ணைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். தென்கொரியாவில் ஹ்வாங் வூ-சுக் என்ற ஆய்வாளர் நகலாக்கிய கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்ததாக 2004, 2005-ல் அறிவித்தார். எல்லாம் புனைவு என்று 2006-ல் நிரூபணமானது. அந்தப் பொய்க்காக 129 பெண்களிடமிருந்து 2,000-க்கும் மேற்பட்ட கருமுட்டைகளை எடுத்திருந்தார்கள். அவரிடம் வேலை பார்த்த இளம் பெண் ஆய்வாளர்களும் அதில் உண்டு. ஹார்மோன் ஊசியின் வலியையும் ஆபத்தையும் தாங்கியது அந்தப் பெண்களின் உடல்.

நம் ஊரில் பெரிய அநீதி எது?

என் பார்வையில், இங்கே நாம் முதலில் கோபப்பட வேண்டியது நிரூபிக்காத சிகிச்சையை விற்பதைக் கண்டுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தெளிவாக இருக்கின்றன: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை, ரத்த ஸ்டெம் செல் மாற்று மட்டுமே வழக்கமான சிகிச்சை. மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் சொல்லிவிட்டது. பிறகும் மூளை முடக்குவாதம், முதுகுத்தண்டு அடி, மூட்டுத் தேய்மானம் என்று ஒவ்வொன்றுக்கும் விளம்பரம் வருகிறது. ‘உங்கள் உடம்பிலிருந்தே எடுக்கிறோம், பக்கவிளைவே கிடையாது’ என்பார்கள்.

பக்கவிளைவு உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் 2015-ல் மூன்று மூதாட்டிகள் விழித்திரைத் தேய்மானத்துக்காக ஒரு மருத்துவ மையத்துக்குப் போனார்கள். ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களை ஒரே நாளில் இரண்டு கண்களிலும் செலுத்தினார்கள். மூவருமே பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். அந்தச் சிகிச்சை அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வு என்ற பெயரில் இடம்பெற்றிருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பதிவு எண் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

ஆகவே யாராவது உங்களை ஆய்வில் சேரச் சொன்னால், முதலில் பணம் கேட்கிறார்களா என்று பாருங்கள். ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அறநெறிக் குழுவின் ஒப்புதலையும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் காட்டச் சொல்லுங்கள். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சம்மதப் படிவத்தில் அது தமிழில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

தொப்புள்கொடி வங்கி

ஏழாம் மாத ஸ்கேனுக்குப் போகும் தம்பதியிடம் ஒரு கோப்போடு வந்து உட்கார்ந்து, ‘குழந்தைக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு’ என்று தவணைத் திட்டம் சொல்லும் ஆட்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் இருப்பது உண்மை. 1988-ல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடி ரத்தத்தைச் செலுத்திக் குணப்படுத்தினார்கள். தங்கையின் ரத்தம் என்பதைக் கவனியுங்கள். ஒரு குழந்தைக்குத் தன் சொந்தக் கொடி ரத்தமே முதல் இருபது ஆண்டுகளில் பயன்படும் வாய்ப்பு 2,500-ல் ஒன்று முதல் 2,00,000-ல் ஒன்று வரை என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணக்குச் சொல்கிறது. தலசீமியா போன்ற பரம்பரை நோய் வந்தால், அதே பழுது கொடி ரத்தத்திலும் இருக்கும்.

வீட்டில் ஏற்கெனவே மாற்று சிகிச்சை தேவைப்படும் ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த குழந்தையின் கொடி ரத்தத்தைச் சேமிப்பது பயனுள்ளது, மருத்துவரிடம் கேளுங்கள். மற்றவர்கள் தனியார் வங்கியில் பணம் கட்டாததால் குழந்தைக்குத் துரோகம் செய்ததாக வருந்த வேண்டாம். பிறந்ததும் ஒரு நிமிடமாவது பொறுத்துத் தொப்புள்கொடியை வெட்டினால் கூடுதல் ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேரும், இரும்புச்சத்துக் குறைவையும் தடுக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்குக் காசு இல்லை.

கொடுக்க முடிந்தவர்கள்

உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். மற்ற நோயாளிகள் பலர் முன்பின் தெரியாத கொடையாளரைத் தேடுகிறார்கள். உலகப் பதிவேட்டில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இருந்தும், அதில் இந்தியர் மிகக் குறைவு. எச்.எல்.ஏ. எனும் திசுவகை பெரும்பாலும் ஒரே வம்சாவளிக்குள்தான் பொருந்தும் என்பதால், தமிழ் நோயாளிக்குத் தமிழர் கொடையாளராகக் கிடைக்கும் வாய்ப்பே கூடுதல். கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுப்பார்கள், பிறகு நடக்க முடியாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. உண்மையில் பெரும்பாலும் ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். ஐந்து நாள் தோலுக்கு அடியில் ஊசி. அப்போது உடல்வலி, தலைவலி வரலாம். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரம் ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு, மிச்ச ரத்தத்தை மறு கையில் செலுத்தும். நான்கைந்து மணி நேரம். கொடுத்த செல்லை உடல் சில வாரங்களில் ஈடுகட்டிவிடும். கல்யாணமாகாத பெண் கொடுத்தால் பிள்ளை பிறக்காது என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.

ஒன்றை மட்டும் வீட்டாரோடு பேசித் தெளிவாக முடிவெடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மாற்று சிகிச்சைக்குச் சில நாள் முன்பே நோயாளியின் மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. மறுக்கும் உரிமை கொடையாளருக்கு எப்போதும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ‘தாத்ரி’ பதிவேடு 2009 முதல் இயங்குகிறது. 18 முதல் 50 வயதுக்குட்பட்ட, ஆரோக்கியமான எவரும் பதியலாம். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது.