அந்த நூறு எந்த நூறு?

வைகாசி மாதம் பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்.

"பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?"

பஸ் நிற்கும் இடத்தில் பெரிய பெரிய விளம்பரத் தட்டிகள். "எங்கள் பள்ளி 100 சதவீதத் தேர்ச்சி!" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் தாய் மயங்கிவிடுகிறாள். காதில் கிடக்கும் தோட்டை அடகு வைத்தாவது அங்கே சேர்த்துவிட வேண்டும் என்கிறாள். "பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கிறதே?" என்று தகப்பன் மெல்லக் கேட்கிறார்.

இருவரும் கொஞ்சம் பொறுங்கள்!

அந்த 100 எந்த 100? அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இரண்டு நெருப்புக்கு நடுவே

விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது ஆலங்குளம். தென்காசி மாவட்டத்திலும் இதே பெயரில் ஓர் ஊர் உண்டு. அது வேறு. இது சிவகாசிப் பக்கத்து ஆலங்குளம்.

மழை குறைந்த கரிசல் பூமி. 1970-ல் இங்கே அரசு சிமெண்டு ஆலை வந்தது. ஊர் பெயர் வெளியே தெரிந்தது. சுற்றுவட்டாரமோ பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் பூமி. இங்கே உலையும் நெருப்பு, திரியும் நெருப்பு!

வேலைக்குக் குறைவில்லை. குழாய் உருட்டலாம். தீப்பெட்டி ஒட்டலாம். எத்தனை செய்கிறோமோ அத்தனைக்குக் கூலி. அதனால்தான் இங்கே படிப்பை விட்ட பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மறுநாளே ஏதாவது ஒரு வேலை அதை இழுத்துக்கொள்ளும்.

மற்ற ஊர்களில் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பது படிப்பைப் பற்றிய முடிவு. இந்த வட்டாரத்தில் அது பிள்ளையின் உயிரைப் பற்றிய முடிவும் கூட.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

இந்த மாவட்டத்துக்காரர்களுக்குக் கல்வியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை என்று ஒரு பள்ளிக்கூடம். அதை நடத்தப் பணம் வேண்டுமே? வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அந்த அரிசியைச் சேர்த்து விற்றுப் பள்ளியை நடத்தினார்கள்.

அங்கே படித்த ஒரு சிறுவன், தகப்பனை இழந்தவன், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டான். அவன்தான் பிற்காலத்தில் காமராஜர்! 1954-ல் அவர் முதல்-மந்திரி ஆனார். 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். 1984-ல் அது 15 வயதுப் பிள்ளைகள் வரை நீண்டது.

சோறு போட்டால் மட்டும் போதுமா? வேலைக்கு இழுப்பவர்களையும் தடுக்க வேண்டுமே!

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறுவர்களைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி தீர்ப்பு வந்தது. "ஆபத்தான தொழிலில் ஒரு குழந்தையை வைத்தால், வைத்த முதலாளி 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும்" என்றது கோர்ட்டு.

2016-ல் சட்டம் இன்னும் இறுகியது. வெடிமருந்து வேலையில் 18 வயது நிறையாத யாரையும் சேர்க்கக்கூடாது. அதாவது, பிளஸ்-2 முடிக்கும் வயது வரை பிள்ளைக்கு உரிய இடம் பள்ளிக்கூடம்தான்.

ஒரே ஆண்டில் இரண்டு செய்தி

2018-ம் ஆண்டு பிளஸ்-2 தேர்வில் விருதுநகர் மாவட்டம் 97.05 சதவீதத் தேர்ச்சி பெற்று மாநிலத்திலேயே முதல் இடத்துக்கு வந்தது. 2023-லும் 97.85 சதவீதத்துடன் அதே முதல் இடம்!

மகிழ்ச்சிதான். ஆனால் அதே 2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் இன்னொரு பட்டியல் வெளிவந்தது. நாட்டில் பின்தங்கிக் கிடக்கும் நூற்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களைக் கைதூக்கி விட மத்திய அரசு தயாரித்த பட்டியல் அது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இரண்டே மாவட்டங்கள். ஒன்று ராமநாதபுரம். மற்றொன்று விருதுநகர்!

தேர்வில் முதல் வரிசை. வாழ்க்கையில் பின் வரிசை. இது எப்படி?

பின்தங்கியதற்கு உடல்நலம், விவசாயம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். தேர்ச்சிச் சதவீதம் என்பது பரீட்சை எழுதியவர்களை மட்டுமே எண்ணுகிறது. நடுவில் நின்றுவிட்ட பிள்ளை அந்தக் கணக்கில் வரவே வராது.

சின்னக் கணக்கு

இரண்டு பள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் பள்ளி. ஆறாம் வகுப்பில் 100 பேர் சேர்ந்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியவர்கள் 70 பேர். எழுபது பேரும் தேறிவிட்டார்கள். தட்டியில் என்ன போடுவார்கள்? "100 சதவீதம்!"

இரண்டாவது பள்ளி. அங்கேயும் 100 பேர் சேர்ந்தார்கள். 95 பேர் பரீட்சை எழுதினார்கள். 86 பேர் தேறினார்கள். இது ஏறக்குறைய 90 சதவீதம்தான்.

தட்டியைப் பார்த்தால் முதல் பள்ளி உசத்தி. பிள்ளைகளை எண்ணிப் பார்த்தால் இரண்டாவது பள்ளி 16 பேரை அதிகமாகக் கரை சேர்த்திருக்கிறது!

முதல் பள்ளியில் காணாமல் போன 30 பேர் எங்கே? சிலர் ஊர் மாறியிருப்பார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள். அது குற்றமல்ல. ஆனால் படிப்பு வராத பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துவிட்டுச் சதவீதத்தைக் காப்பாற்றும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு என்பது நெடுநாளைய புகார்.

உங்கள் பிள்ளை முதல் மார்க்கு வாங்கும் பிள்ளையாக இருந்தால் எந்தப் பள்ளியிலும் பிழைத்துக்கொள்ளும். நடுத்தரமான பிள்ளையாக இருந்தால்? அதைக் கைவிடாத பள்ளிதான் உங்களுக்கு ஏற்ற பள்ளி.

நேரில் போய்க் கேளுங்கள்

அரசுப் பள்ளிக்கு நேரில் போங்கள். தலைமை ஆசிரியரைப் பாருங்கள். பணிவாக, ஆனால் பயப்படாமல் கேளுங்கள். "எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க மட்டும்தான் தெரியும். நான் எப்படிக் கேட்பது?" என்று தயங்க வேண்டாம். இவை படிப்பாளிகள் கேட்கும் கேள்விகள் அல்ல. பெற்றவர்கள் கேட்கும் கேள்விகள்.

ஒன்று: "ஐயா, ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர்? இந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியது எத்தனை பேர்?"

இரண்டு: "கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் இங்கிலீஷுக்கும் தனித்தனி ஆசிரியர் இருக்கிறார்களா? இடம் காலியாக இருந்தால் இப்போது யார் பாடம் நடத்துகிறார்கள்?" ஆசிரியர் பற்றாக்குறை அரசுப் பள்ளிகளின் பெரிய குறை. சில ஊர்களில் பெற்றோர்-ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிக ஆசிரியரை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒரு வருஷம் கணக்கு வாத்தியார் இல்லாவிட்டால், அடுத்த வருஷம் வரும் வாத்தியார் இரண்டு வருஷப் பாடத்தை நடத்த வேண்டியிருக்கும்.

மூன்று: "தீபாவளிக்கு முந்திய மாதங்களில் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்?" அப்போதுதான் பட்டாசு வேலை மும்முரமாக நடக்கும். அந்த மாதங்களில் வருகைப் பதிவேடு குறையாமல் இருந்தால் அது நல்ல பள்ளி.

நான்கு: "பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் தண்ணீரும் இருக்கின்றனவா?" இதைக் கேட்டால் மட்டும் போதாது. தாய்மார்கள் உள்ளே போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். வயதுக்கு வந்த பெண் படிப்பை நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்து: "இது உயர்நிலைப் பள்ளியா, மேல்நிலைப் பள்ளியா?" உயர்நிலை என்றால் பத்தாவதோடு முடிந்துவிடும். மேல்நிலை என்றால் பிளஸ்-2 வரை உண்டு. மேல்நிலை என்றால் எந்தெந்தப் பிரிவுகள் இருக்கின்றன என்றும் கேளுங்கள். டாக்டராக ஆசைப்படும் பெண்ணுக்கு உயிரியல் பிரிவு இல்லாத பள்ளி எப்படி உதவும்?

ஆறு: "போன வருஷம் பத்தாம் வகுப்பில் தவறியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?"

இந்த ஆறாவது கேள்விதான் முக்கியமானது. ஐந்து பாடங்களில் ஒன்றில் 35 மார்க்கு வாங்காவிட்டால் பிள்ளை தவறிவிடுகிறது. அதோடு உலகம் முடிந்துவிடுவதில்லை. உடனடியாகத் துணைத் தேர்வு எழுதலாம். ஆனால் அவமானத்தில் வீட்டில் முடங்கிய பிள்ளையை யாராவது தேடிப் போய்க் கூப்பிட வேண்டும். "ஆசிரியர்கள் வீட்டுக்கே போய் விண்ணப்பம் எழுத வைத்தார்கள்" என்று பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுங்கள்!

ஆறாம் வகுப்பில் இருக்கிறது சூட்சுமம்

அரசுப் பள்ளியில் படிப்பதால் கிடைக்கும் சில உரிமைகள் பலருக்குத் தெரிவதில்லை.

ஆறு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021-ல் என்ஜினீயரிங் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதேபோல் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் தொடங்கியது.

கவனித்தீர்களா? கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது! "எட்டாவது வரை தனியார் பள்ளியில் படிக்கட்டும், பிறகு அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இந்தச் சலுகைகளை இழக்க நேரிடலாம். விதிகளும் விலக்குகளும் அவ்வப்போது மாறக்கூடியவை. சேர்க்கும் நாளிலேயே பள்ளி அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டாம் வகுப்பில் ஒரு தேசியத் தேர்வு உண்டு. அதில் தேறும் ஏழைப் பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பிளஸ்-2 வரை வருஷம் 12 ஆயிரம் ரூபாய் உதவித்தொகை. "இந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் அதை எழுதினார்கள்?" என்றும் கேட்டு வையுங்கள். பிள்ளைகள்மீது பள்ளிக்கு எத்தனை அக்கறை என்பது தெரிந்துவிடும்.

குறை இருந்தால் என்ன செய்வது?

கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் நல்ல பதில் வராமலும் போகலாம். கணக்கு வாத்தியார் பல மாதமாக இல்லை, பஸ் வசதி இல்லை, பெண் பிள்ளை இருட்டில் நடந்து வர வேண்டும் என்றால், பக்கத்து ஊர் அரசுப் பள்ளியையோ அரசு உதவி பெறும் பள்ளியையோ விசாரிப்பதில் தவறில்லை. பிள்ளையைப் பணயம் வைத்து அரசுப் பள்ளியைக் காப்பாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆனால் போவதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள். பாதிப் பேர் பெண்கள். தீப்பெட்டி ஒட்டும் தாயும் அதில் உறுப்பினராக அமரலாம். "வாத்தியார் வேண்டும்" என்று தீர்மானம் போட்டு அதிகாரிகளுக்கு அனுப்பலாம்.

அன்று பிடி அரிசி கொடுத்தவர்கள், பள்ளிக்கூடம் நம்முடையது என்று நினைத்துக் கொடுத்தார்கள். இன்று அரிசி கேட்க யாரும் வரமாட்டார்கள். மாதம் ஒரு நாள் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேள்வி கேட்டால் போதும்.

பள்ளியைக் கேட்பது போல் நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். சாயங்காலம் வீடு திரும்பும் பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுக்கிறோமா, ஒட்ட வேண்டிய பெட்டியைக் கொடுக்கிறோமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர் அல்ல.

பெற்றோர்களே! பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. தட்டியைப் படித்தது போதும். நாளைக் காலையில் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போய் வாருங்கள். ஆறு கேள்விகளில் எதை மறந்தாலும் ஆறாவதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.