உங்களுக்குத் தெரியுமா? சர்க்கரை நோயும் பாதமும்

சர்க்கரை நோயாளியின் காலில் வலிக்கிற புண்ணைவிட வலிக்காத புண்தான் ஆபத்தானது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்து நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "செருப்பு கழன்று போனதே தெரியலை" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள். நரம்பு பழுதாகியிருப்பதற்கான அறிகுறி அது.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவான சோதனை இது; கருவி எதுவும் வேண்டாம். அவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் அவர் அதை உறுதிசெய்வார்.

உணர்ச்சி குறைந்த பாதத்துக்கென்று நம் கடைகளில் 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பின் கதை வேலூரோடு சேர்ந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டே அழிகின்றன என்று கண்டார். இரவில் எலி கடிப்பதுகூடத் தெரியாத நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்கள்! அவர்களின் பாதத்தைக் காக்க வந்த மெத்தென்ற செருப்புதான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பணியாற்றியபோது, சர்க்கரை நோயாளிகளின் பாதமும் இப்படி வலி தெரியாமல் அடிபட்டே கெடுகிறது என்று பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தின் கருங்கல் தளம் உணர்ச்சியற்ற பாதத்தைக் கொப்புளிக்க வைத்துவிடும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் தெரியும். விடியலிலோ அந்தி சாய்ந்த பிறகோ போங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. பைக் சைலன்சர், வெந்நீர் ஒத்தடம் இரண்டும் இப்படித்தான் சுடும். வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பாருங்கள்.

கால் வீங்கும்போது மெட்டி விரலை இறுக்கும். கழற்ற மனம் வராத அம்மாக்களிடம் பக்குவமாகப் பேசித் தளர்த்தவாவது செய்யுங்கள்.

கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பிளேடும் கூடாது.

புது செருப்பை மாலையில் வாங்குங்கள். அப்போதுதான் பாதம் சற்று உப்பியிருக்கும். பின்வார் உள்ளதே நல்லது. ஷூ என்றால் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம்.

ஒரு பாதத்தின் ஓரிடம் மற்ற பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாக இருந்தால், அது புண் வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காலை ஊன்றாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

புண் ஆறிய பிறகும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் புண் வருகிறது. தினமும் இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையைக் கூப்பிடலாம். சிறு கீறல் தென்பட்டாலும் மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். வலிக்கவில்லை என்று நாளைக்குத் தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.