நிர்வாகியின் திறவுகோல் யார் கையில்?

துறைமுக வாயிலைக் கடப்பவர் எவராயினும் தமது பணிக்குரிய எல்லை வரையே செல்ல முடியும். சுமை இறக்க வந்தவர் கப்பலின் இயந்திர அறைக்குள் புகுவதில்லை. திருகோணமலையில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் நமது கணினிகளில் இவ்விதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

திருமண ஒளிப்பதிவுகள், ஆலயத் திருவிழாக் காட்சிகள், பள்ளிவாசல் பயான்கள் ஆகியவற்றை ஒரே கணினியில் சேமித்து, வெளிநாட்டிலுள்ள உறவினரும் தமது தொலைபேசியில் பார்க்கச் செய்யும் மென்பொருட்கள் இன்று இலகுவாகக் கிடைக்கின்றன. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் என்பன அவற்றுட் சில. அக்கணினியே ஊடகச் சேவையகம் எனப்படுகின்றது. அதில் பார்வையாளர் பதிவுகளைப் பார்க்கலாம்; நிர்வாகியோ அவற்றை அழிக்கலாம், புதியவரைச் சேர்க்கலாம், அமைப்பையே மாற்றலாம். வசதி கருதி நிர்வாகியின் கடவுச்சொல்லையே அனைவருக்கும் வழங்குவதில்தான் ஆபத்து தொடங்குகின்றது.

இதற்கு 2022 ஆம் ஆண்டு நிகழ்ந்த சம்பவமொன்று தக்க சான்றாகும். மில்லியன் கணக்கானோரின் கடவுச்சொற்களைக் காத்துவந்த லாஸ்ட்பாஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவரது வீட்டுக் கணினியில் பிளெக்ஸின் பழைய பதிப்பு இருந்தது. அதிலிருந்த குறைபாட்டுக்கான திருத்தம் 2020 மே மாதத்திலேயே வெளியாகியிருந்தும் அது நிறுவப்படவில்லை. அக்குறைபாடு சாதாரணப் பார்வையாளரால் பயன்படுத்தக்கூடியதன்று. நிர்வாகி உரிமை உடையவர் அதன்மூலம் கணினியில் தாம் விரும்பிய நிரலை இயக்க முடியும். அவ்வழியே நுழைந்தவர், பொறியியலாளர் தட்டச்சுச் செய்த கடவுச்சொல்லைக் கவர்ந்து, வாடிக்கையாளரின் மறைகுறியிடப்பட்ட பெட்டகங்களின் பிரதிகளையே எடுத்துச் சென்றார். திரைப்படம் பார்க்க வைத்திருந்த மென்பொருள், நிறுவனமொன்றின் கருவூலத்துக்கே வழியாயிற்று.

ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அவசியமாகும். ஜெல்லிஃபினில் ஒருவர் எத்தொகுப்புகளைப் பார்க்கலாம், பதிவுகளை அழிக்கலாமா, சேவையகத்தை நிர்வகிக்கலாமா என்பவற்றைத் தனித்தனியே தீர்மானிக்கலாம். பெண்கள் மட்டும் கூடிய வைபவங்களின் பதிவுகளைத் தனித் தொகுப்பாக்கி, உரியோருக்கு மட்டும் திறந்துவிடலாம். பிளெக்ஸில் உரிமையாளரின் கணக்கே நிர்வாகக் கணக்காகும். எனவே அதன் கடவுச்சொல்லைக் கொடுக்காது, உறவினரின் சொந்தக் கணக்குடன் தொகுப்பைப் பகிர்வதே முறை. நிர்வாகியும் அன்றாடம் பார்ப்பதற்குச் சாதாரணக் கணக்கொன்றை வைத்திருத்தல் நன்று. பொது நிறுவனங்களில் நிர்வாகப் பொறுப்பு இருவரிடம் இருப்பது போதுமானது. பதவி மாறும் நாளிலேயே பழையவரின் உரிமையை நீக்க வேண்டும். திருத்தங்களை உடனுக்குடன் நிறுவுவதும் நிர்வாகியின் கடமையே.

பள்ளிவாசலின் திறவுகோலை நம்பிக்கையாளர் சபையும், ஆலயத்தின் திறவுகோலை பரிபாலன சபையும் காப்பது அதிகாரம் காட்டுவதற்காக அன்று. அது ஊரார் ஒப்படைத்த அமானிதம். நிர்வாகியின் கடவுச்சொல்லும் அத்தகையதே என நாம் கருதுகின்றோம். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். எனினும் சட்டம் குற்றவாளியைத் தண்டிக்குமே தவிர, அழிந்த பதிவையோ வெளியே சென்றுவிட்ட குடும்பப் படத்தையோ மீட்டுத் தராது.