மூப்பு வரிசையும் விமானிகளின் உத்தியோகப் பாதுகாப்பும்

பல்லாண்டு உழைத்த ஒருவர் தம் உழைப்பின் பயனை எங்கே சேமித்து வைத்திருக்கிறார் என்று வினவினால், வர்த்தகர் தம் பெட்டியைக் காட்டுவார்; குடியானவர் தம் நிலத்தைக் காட்டுவார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிரயாணிகளின் ஆகாய விமானத்தைச் செலுத்தும் விமானியோ ஓர் இலக்கத்தைக் காட்டுவார். அஃது அவருடைய கம்பெனியின் மூப்பு வரிசையில் அவர் பெற்றிருக்கும் இடமாகும். இரண்டு கம்பெனிகள் ஒன்றாய் இணையுங்கால் அவ்விலக்கம் என்னவாகிறது? தொழிற்சங்கமும் ஒப்பந்தமும் இல்லாத விமானிக்கு அதனைக் காப்பது யாது? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

ஸீனியாரிட்டி என்று உத்தியோகஸ்தர் வழங்கும் இம்மூப்பு, மற்றத் தொழில்களைக் காட்டிலும் விமானத் தொழிலிற் பன்மடங்கு வலியுடையது. எந்த வகை விமானத்தைச் செலுத்துவது, காப்டனாய் அமர்வதா துணை விமானியாய் அமர்வதா, எந்த நகரத்திலிருந்து புறப்படுவது, எந்த நாட்களில் விடுமுறை பெறுவது ஆகிய யாவும் பெரும்பாலும் இவ்வரிசைப்படியே தீர்மானமாகின்றன. ஆள்குறைப்பு நேரிட்டால் வரிசையின் கடைசியில் நிற்பவரே முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவார். இம்மூப்பை ஒரு கம்பெனியிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லவும் இயலாது. இருபது ஆண்டு காப்டனாயிருந்தவரும் வேறொரு கம்பெனியிற் சேர்ந்தால் அங்கே எல்லாருக்கும் இளையவராகவே தொடங்கவேண்டும்.

இரண்டு வீட்டுக் கலியாணத்தை ஒரே பந்தலில் நடத்துவதாக எண்ணிப் பார்ப்போம். முதற் பந்தியில் அமர்வோர் யார், கடைசிப் பந்தியில் அமர்வோர் யார் என்பது இரு வீட்டாரும் கூடிப் பேசவேண்டிய விஷயம். ஒரு வீட்டார் மாத்திரம் பேசினால் முடிவு எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. இதனைக் கணக்கிலே காண்போம். 300 விமானிகளையுடைய ஒரு கம்பெனி, 100 விமானிகளையுடைய மற்றொன்றை வாங்குவதாகக் கொள்வோம். மூவருக்கு ஒருவர் என்னும் விகிதப்படி இரு வரிசைகளையும் கோத்தால், சிறிய கம்பெனியில் 50-ஆம் இடத்திலிருந்தவர் புது வரிசையில் 200-ஆம் இடத்தைப் பெறுவார். அவ்வாறின்றிச் சிறிய கம்பெனியாரை அப்படியே வாலில் ஒட்டிவிட்டால், அவருக்குக் கிடைப்பது 350-ஆம் இடம். பின்னர் 100 பேரைக் குறைக்க நேரிடுமாயின், முதல் முறையிலே சிறிய கம்பெனியார் 25 பேரும் பெரிய கம்பெனியார் 75 பேரும் வேலையிழப்பர். இரண்டாம் முறையிலோ வேலையிழக்கும் 100 பேரும் சிறிய கம்பெனியாரே. வரிசை என்பது வெறும் மரியாதைச் சின்னமன்று. ஜீவனமே அதில் அடங்கியிருக்கிறது.

இவ்வநீதியைத் தடுக்கும் முயற்சி முதலில் ரயில்வேத் தொழிலில் தோன்றியது. 1936-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் ரயில்வேக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கை, இணைப்பினால் நஷ்டமடையும் தொழிலாளருக்கு ஈடு அளிக்க ஏற்பாடு செய்தது. விமானத் தொழிலில் அதே வழியைப் பின்பற்றிய சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு, 1972-இல் அலெகெனி, மோஹாக் என்னும் இரு கம்பெனிகள் இணைந்தபோது சில நிபந்தனைகளை விதித்தது. வரிசைகளை நியாயமாகவும் நடுநிலையாகவும் கோக்கவேண்டும் என்பது அவற்றுள் மூன்றாவது. உடன்பாடு ஏற்படாவிடின் மத்தியஸ்தரிடம் செல்லவேண்டும் என்பது பதின்மூன்றாவது. சம்பளம் குறைந்தவர்க்கும் வேலையிழந்தவர்க்கும் உதவித்தொகை, ஊர் மாறுவோர்க்குச் செலவு ஆகியவையும் அவற்றில் இருந்தன.

1978-இல் விமானப் போக்குவரத்தின்மீதிருந்த சர்க்கார் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 1984-ஆம் ஆண்டின் முடிவில் அந்தப் போர்டும் மறைந்தது. அதன்பின் இந்நிபந்தனைகளைச் சர்க்கார் விதிக்கும் வழக்கமும் பெரும்பாலும் ஒழிந்தது. பாதுகாப்பு வேண்டுவோர் அதனைத் தம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கவேண்டியதாயிற்று.

எழுதி வாங்கியதும் எப்பொழுதும் நிற்பதில்லை என்பதை 2001-ஆம் ஆண்டு காட்டிற்று. திவாலான டிரான்ஸ் வேர்ல்ட் கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்க முன்வந்தது. டிரான்ஸ் வேர்ல்ட் விமானிகளின் ஒப்பந்தத்திலே வரிசைப் பாதுகாப்பு இருந்தது. ஆயினும் திவால் நீதிமன்றத்தின் மூலம் ஒப்பந்தமே ரத்தாகக்கூடும் என்ற நெருக்கடியில், அவர்கள் சங்கம் அப்பாதுகாப்பை விட்டுக்கொடுத்தது. விளைவாக, சுமார் 2300 விமானிகளிற் பாதிக்கு மேற்பட்டோர் வரிசையின் வாலில் ஒட்டப்பட்டனர். விமானப் பணிப்பெண்கள் முதலிய உபசரிப்போர் அனைவருமே கடைசியில் வைக்கப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்துக் கொடுஞ் சம்பவத்திற்குப் பின் ஆள்குறைப்பு வந்தபோது, பல்லாண்டு பணிபுரிந்தோர் முதலில் வெளியேறினர். அவ்விமானிகள் தம் சங்கத்தின்மீதே வழக்குத் தொடுத்தனர். சங்கம் தன் கடமையினின்று தவறியதென்று 2011-இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

டிரான்ஸ் வேர்ல்ட் கம்பெனியின் தலைமைக் காரியாலயம் இருந்த மிஸௌரி மாகாணத்தின் செனெட்டர்கள் கிளேர் மெக்காஸ்கில், கிட் பாண்ட் ஆகிய இருவரும் வேறு வேறு கட்சியினர். எனினும் இவ்விஷயத்தில் ஒன்றுபட்டு முயன்றனர். அவர்கள் பெயரால் வழங்கும் சட்டம் 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறியது. 1972-ஆம் ஆண்டு நிபந்தனைகளுள் மூன்றாவதையும் பதின்மூன்றாவதையும் அது மீண்டும் உயிர்ப்பித்தது. சங்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதத்தை அது பாராட்டவில்லை. தற்காலிக ஊழியரும் நிர்வாக அதிகாரிகளும் நீங்கலாக யாவருக்கும் அதன் நிழல் உண்டு. இரு தரத்தாரும் ஒரே சங்கத்தைச் சேர்ந்தவராயின், அச்சங்கத்தின் சொந்த விதிகளே செல்லும்.

மத்தியஸ்தம் நடக்கும் முறையையும் அறிந்துகொள்வது நன்று. இருபது நாளில் தகராறு தீராவிடின், தேசிய சமரச சபை ஏழு பேருடைய பெயர்களைக் கொடுக்கும். இரு திறத்தாரும் மாறி மாறி ஒவ்வொரு பெயராக அடித்து வருவர். எஞ்சி நிற்பவரே மத்தியஸ்தர். அவர் தீர்ப்பே முடிவானது. இங்கேதான் சங்கமில்லாதவரின் நிலை தெளிவாகிறது. மத்தியஸ்தரின் ஊதியத்தில் ஒரு பாதியைக் கம்பெனி ஏற்கும். மறு பாதியைச் சங்கம் ஏற்கும். சங்கம் இல்லையேல் ஊழியர்களே தம் கையிலிருந்து கொடுக்கவேண்டும். அதனோடு வக்கீல் வேண்டும், கணக்கர் வேண்டும், விமானிகளின் பெயரால் பேசத்தக்கவர் யார் என்ற வினாவுக்கு விடையும் வேண்டும். சந்தா வசூலித்துப் பொக்கிஷம் சேர்த்த சங்கம் ஒருபுறமும், நேற்றுக் கூடிய சிறு குழு மறுபுறமும் நின்றால், சட்டம் சமமாயினும் தராசு சமமாய் நிற்பது அரிது.

இச்சட்டம் காவாதவற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அது வரிசையை மாத்திரமே காக்கும். சம்பளம் குறையாதென்றோ, வேலை நிலைக்குமென்றோ, வசிக்கும் ஊரை விட்டுப் போகவேண்டாமென்றோ அது வாக்களிக்கவில்லை. பழைய உதவித்தொகைகளையும் அது மீட்டுத் தரவில்லை. ஒரு கம்பெனியின் பங்குகளிலோ சொத்துக்களிலோ பாதியேனும் கைமாறி, இரண்டும் ஒரே விமானக் கம்பெனியாகச் சேர்ந்தால்தான் சட்டம் செல்லும். வாங்கிய கம்பெனியைத் தனியே நடத்தினால் வரிசைகளைக் கோக்கும் கேள்வியே எழாது. சட்டம் வருமுன்னரே, 2005-இல் அட்லாண்டிக் ஸௌத்ஈஸ்ட் கம்பெனியை வாங்கிய ஸ்கைவெஸ்ட் ஸ்தாபனம், அதனைத் தனியாகவே நடத்திவந்தது இதற்கு ஓர் உதாரணம். மேலும், ஒப்பந்தமில்லாத ஊழியரைக் காரணங் காட்டாமலே நீக்கலாம் என்பது அந்நாட்டின் பொது விதி. கம்பெனி அச்சிட்டுக் கொடுக்கும் விதிப் புத்தகத்தைக் கம்பெனியே மாற்றவுங்கூடும்.

சங்கமின்றியே பாதுகாப்புத் தேடிய முறையும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் விமானம் ஓட்டத் தொடங்கிய ஜெட்புளூ கம்பெனி, விமானிகள் ஒவ்வொருவரோடும் ஐந்தாண்டுத் தவணையுள்ள தனி உடன்படிக்கை செய்துகொண்டது. தொழில் மந்தமாகிப் பறப்பது குறைந்தாலும் குறிப்பிட்ட வருமானம் உண்டென்று அதில் எழுதியிருந்தது. இது கனமான வாக்குறுதியே. ஆயினும் தனித்தனியே கையொப்பமிடுபவர் வாசகத்தை அமைப்பதில்லை. அமைத்த வாசகத்தை ஏற்கவோ மறுக்கவோ மாத்திரம் செய்கிறார். 2014-இல் அவ்விமானிகள் வாக்களித்துச் சங்கத்தையே தெரிந்துகொண்டனர்.

ஆகவே நாம் காணும் உண்மை யாதெனில், சட்டம் சங்கமில்லாத விமானிக்கு நியாய சபையின் கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே சென்று பேசும் நாவை அது கொடுப்பதில்லை. அந்நாவை அவரே தேடிக்கொள்ளவேண்டும். அதுவும் இணைப்பு அறிவிக்கப்படுமுன்னரே தேடிக்கொள்ளவேண்டும். தமக்காகப் பேசுவோரை முறைப்படி தெரிந்தெடுப்பதும், பணியிற் சேர்ந்த தேதி முதலிய பதிவுகளைச் சரிபார்த்து வைப்பதும், செலவுக்குப் பொதுநிதி சேர்ப்பதும், வாய்மொழி வாக்குகளை எழுத்தில் வாங்குவதும் அமைதியான காலத்தில் செய்யத்தக்கவை. சங்கமுடையோரும் கவலையற்றிருத்தல் தகாது என்பதற்கு டிரான்ஸ் வேர்ல்ட் விமானிகளே சான்று.

நம் மாணவரிற் சிலரே ஆகாயத்திற் பறக்கும் தொழிலை மேற்கொள்வர். ஆயினும் உத்தியோகம் ஏற்கும் ஒவ்வொருவரும் தம் உழைப்பின் பயன் எந்த ஏட்டில், எவர் கையால் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். அவ்வேட்டின் சொந்தக்காரர் மாறும் நாளில், அதனைத் திறந்து பார்க்க அவகாசம் இராது.