ஆபரேஷன் முடிந்தும் கண் மங்குகிறதா? இளவயதுக் கண்புரைக்குப் பின்னால் ஒரு தசை நோய்

அண்ணனூரில் காலை மின்சார ரயிலைப் பிடிக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 35. சென்ட்ரலில் இறங்கும்போது கம்பியை விடப் பார்க்கிறார், விரல்கள் உடனே விரிய மாட்டேன் என்கின்றன. சில நொடிகள் ஆகிறது. ‘நரம்புத் தளர்ச்சியா இருக்கும்’ என்று விட்டுவிடுகிறார். பிறகு கண்ணும் மங்க, டாக்டர் ‘கண்புரை’ என்கிறார். இந்த வயதிலா?

இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்கலாம். அதன் பெயர் மயோடோனிக் டிஸ்ட்ரோபி. இறுகிய தசை தளர நேரமாகும், போகப்போக பலமும் குறையும். 19-வது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுக் கோளாறு இது என்று 1992-ல் கண்டுபிடித்தார்கள். இந்த நோயில் சிலரது கண் லென்ஸில் பல வண்ணத் துகள்கள் மின்னும். ‘கிறிஸ்துமஸ் மரக் கண்புரை’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நோய் அவ்வளவு அழகில்லை.

கண்புரை ஆபரேஷனில் லென்ஸ் இருக்கும் மெல்லிய பையின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறந்து, புரையை எடுத்துவிட்டு, அதே பைக்குள் செயற்கை லென்ஸை வைப்பார்கள். பெரும்பாலானோருக்கு அத்தோடு வேலை முடிந்தது. இவர்களில் சிலருக்கு அந்த வட்டத் திறப்பு சுருங்கிக்கொண்டே வரும். பையின் பின்பக்கமும் சீக்கிரமே மங்கும். லேசரால் சரிசெய்தாலும் திரும்ப வருவதுண்டு. சுருங்கும் பை, தன்னைத் தாங்கும் நுண் இழைகளை இழுப்பதால் செயற்கை லென்ஸ் இடம் நகரலாம், கண் அழுத்தம் குறையலாம். ‘ஆபரேஷன் சொதப்பிட்டாங்க’ என்று டாக்டரைத் திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும்.

நோய் முன்கூட்டியே தெரிந்தால் திறப்பைச் சற்றுப் பெரிதாக வெட்டலாம், பை சுருங்காமல் தாங்கும் வளையம் வைக்கலாம், செக்கப்புக்கு அடிக்கடி வரச் சொல்லலாம்.

அதைவிட முக்கியமானது மயக்க மருந்து. இந்த நோய் இதயத் துடிப்பையும் சுவாசத்தையும் பாதிக்கும். சாதாரண அளவு மயக்க மருந்தே இவர்களுக்கு மூச்சை மந்தமாக்கிவிடலாம். அதனால் ஆபரேஷனுக்கு முன் இசிஜி அவசியம். முடிந்தவரை சொட்டு மருந்தால் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வதே பாதுகாப்பு. ஆனால் கையைப் பற்றிக் கண் டாக்டரிடம் யார் சொல்லப்போகிறார்கள்? சொல்லுங்கள்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-லிருந்து இயங்குகிறது, சென்ட்ரலில் இருந்து பக்கம்தான். எங்கே போனாலும், ‘வீட்டில் வேறு யாருக்காவது சின்ன வயதில் புரை வந்ததா?’ என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. அடுத்த தலைமுறையில் பெரும்பாலும் இன்னும் சீக்கிரமாக, இன்னும் கடுமையாக வரும். தாத்தாவுக்கு வெறும் கண்புரையோடு நின்றது, பேரனுக்கு நடையையே பாதிக்கலாம்.