கடைசி ஜீப்புக்கு முன் கிடைக்கும் முடிவு

கம்பம்மெட்டில் நின்று கிழக்கே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். மேற்கே திரும்பினால் ஏலத்தோட்டங்கள். காலையில் ஜீப்பில் மலையேறி மாலையில் இறங்கும் நம் மக்களுக்கு ஒரு நாள் கூலி என்பது ஒரு நாள் உலை. ஆகையால் இருமலை எவரும் நோயாக மதிப்பதில்லை. ஏலக்காய் ஸ்டோரின் புகை என்றும், மலைக்குளிர் என்றும் காரணம் கூறி நாட்களைக் கடத்துகிறோம். அவ்விருமல் காசநோயாக இருப்பின் வீட்டிலுள்ள குழந்தைகளின் கதி என்ன என்பதை அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் அறிஞர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக மைக்ராஸ்கோப்பே ஏழைகளுக்குரிய சோதனையாக இருந்தது. அதில் இரு குறைகள். ஒரு மில்லிலிட்டர் கபத்தில் கிருமிகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படா. மேலும், சென்ற அன்று ஒரு முறையும் மறுநாள் விடியலில் ஒரு முறையும் கபம் தரவேண்டியிருந்தது. இரண்டாம் நாள் கூலியையும் இழக்க ஏழைத் தொழிலாளிக்கு எப்படி மனம் வரும்?

இக்குறையைப் போக்க வந்ததே ட்ரூநாட் சோதனை. பெங்களூர் பிக்டெக் ஆய்வகம் உருவாக்கி, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிக்கும் இதனை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. மேசை மீது அடங்கும் சிறு பெட்டிகள்; மின்சாரம் நின்றாலும் பாட்டரியால் இயங்குவன. கபத்திலிருந்து கிருமியின் மரபணுவைப் பிரித்து, சிறியதொரு சில்லில் இட்டு, மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்விக்கின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றில் நூறு கோடியைக் கடக்கும். ஆதலால் சொற்பக் கிருமியும் தப்பாது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நோய் உண்டா என்பதும், மேலும் ஒரு மணி நேரத்தில் ரிபாம்பிசின் என்னும் முக்கிய மருந்து பலிக்குமா என்பதும் தெரிந்துவிடும். கடைசி ஜீப் இறங்குமுன் முடிவு கைக்கு வரக்கூடும்.

ஆனால் முடிவு தெரிந்தபின் மாதக்கணக்கில் மருந்துண்ண வேண்டும். இங்கே தொடங்கி, பண்டிகைக்கு ஊர் சென்று, அங்கே விட்டுவிடுவதே நம்மவரைக் கெடுப்பது. ரயில்வே எழுத்தராகிய நமக்கு ஓர் உண்மை தெரியும்: பார்சல் எத்தனை வண்டி மாறினாலும் ரசீது எண் இருந்தால் தொலைவதில்லை. அதுபோல நோயாளிக்கு 'நிக்ஷய்' பதிவு எண் தரப்படுகிறது. அதைக் கூறினால் கேரளத்தில் தொடங்கிய சிகிச்சையைத் தமிழ்நாட்டில் தொடரலாம். மருந்து இலவசம், 2024 நவம்பர் முதல் ஊட்டச்சத்துக்கென மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

நோயாளியை ஒதுக்கவும் வேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நிகராகக் குணமடைந்ததை உலகுக்கு மெய்ப்பித்தது.

இரு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, உடல் மெலிவோ கண்டால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ட்ரூநாட் சோதனை எங்கு உண்டு என்று அங்கேயே கேளுங்கள். முடிவு 'இல்லை' என வந்தும் இருமல் நிற்காவிடில் மறுபடியும் மருத்துவரைக் காணுங்கள். கருவி மலையேறி வரும். இருமலை மறைப்பவரை அதனால் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. அண்டை வீட்டாரை அழைத்துச் செல்வது நம் சங்கத்தார் ஒவ்வொருவரின் கடமையாகும்.