ஆட்கொணர்வு ஆணை

நாளிதழ் படிப்போர் கண்ணில் அடிக்கடி படும் தொடர்களுள் ஒன்று, ‘உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு’ என்பதாகும். மகனைக் காவலர் அழைத்துச் சென்று மூன்று நாளாகியும் அவன் இருக்குமிடம் தெரியவில்லை என்று ஒரு தாய் முறையிடுகிறாள். தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஒருவனை விடுவிக்குமாறு நீதிபதிகள் ஆணையிடுகின்றனர். இத்தகைய செய்திகளைத் தலைப்பளவில் பார்த்துவிட்டு விளையாட்டுப் பக்கத்தை நாடுவோரே மிகுதி. ஆயினும் அத்தலைப்பில் அடங்கியுள்ள உரிமையைப்போல் எளிய மனிதனுக்கு அரணாவது வேறொன்று இல்லை என்பர் சட்ட வல்லுநர்.

ஆள் என்பதும் கொணர்வு என்பதும் புணர்ந்து, ளகரம் டகரமாகத் திரிந்து, ஆட்கொணர்வு ஆயிற்று. ‘ஹேபியஸ் கார்பஸ்’ என்னும் இலத்தீன் தொடருக்கு நேராக இச்சொல் ஆளப்படுகிறது. ‘உடலை உன்பால் கொண்டிருப்பாயாக’ என்பது அவ்விலத்தீன் தொடரின் சொற்பொருள். உடல் என்றது ஈண்டு உயிருள்ள ஆளையே. ஒருவனை அடைத்து வைத்திருப்பவர் எவராயினும், அவனை மன்றத்தின்முன் கொண்டுவந்து நிறுத்தி, எந்தச் சட்டத்தின்படி அடைத்து வைத்தார் என்பதற்கு விடை கூறவேண்டும். தக்க விடை இல்லையேல் அவன் அப்பொழுதே விடுதலை பெறுவான்.

சிலப்பதிகாரம் கற்றோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், கோவலனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவருமாறு காவலரை ஏவினான். ஆளைக் கொண்டுவருமாறு ஏவினானல்லன். கோவலன் அவைக்களத்தில் நிறுத்தப்பட்டு ஒரு சொல் உரைக்க இடம் பெற்றிருப்பின், சிலம்பினுள் இருந்தது முத்தா மாணிக்கமா என்னும் வினா அவன் உயிரோடிருக்கும்போதே எழுந்திருக்கும். கண்ணகி வந்து வழக்குரைத்தபோது அரசன் உண்மையை உணர்ந்தான். ஆனால் திருப்பித் தருவதற்கு உயிர் அவனிடத்தில் இல்லை.

இவ்வாணை இங்கிலாந்து நாட்டில் வளர்ந்தது. 1215ஆம் ஆண்டில் ஜான் மன்னன் முத்திரையிட்ட மகா சாசனம், நாட்டுச் சட்டத்தின்படியன்றி உரிமையுடைய எவனையும் சிறைப்படுத்தலாகாது என்றது. பின்னர் 1679ஆம் ஆண்டில் ஆட்கொணர்வுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தைவிட மக்கள் நெஞ்சில் நின்றது, 1772ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்காகும். ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட ஜேம்ஸ் சாமர்செட் என்பவன், தன்னை உடைமையாகக் கொண்டவனிடமிருந்து இலண்டன் மாநகரில் தப்பியோடினான். அவனைப் பிடித்து, ஜமைக்காவில் விற்பதற்காகத் தேம்சு ஆற்றில் நின்ற கப்பலொன்றில் விலங்கிட்டு வைத்தனர். நண்பர் சிலர் மன்றத்தை அடைந்து ஆட்கொணர்வு ஆணை பெற்றனர். கப்பல் தலைவன் அவனைத் தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபுவின்முன் கொண்டுவந்து நிறுத்த நேர்ந்தது. அடிமையை வலிந்து நாடு கடத்த இங்கிலாந்துச் சட்டம் இடந்தரவில்லை என்று கூறி அவர் அவனை விடுவித்தார். கப்பல் புறப்படுமுன் ஆணை சென்றடைந்தது. சில நாள் தாழ்த்திருந்தால் வழக்கே இல்லாமற் போயிருக்கும்.

நம் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு உச்சநீதிமன்றத்துக்கும், 226ஆம் பிரிவு உயர்நீதிமன்றங்களுக்கும் இவ்வாணை பிறப்பிக்கும் அதிகாரத்தை வழங்குகின்றன. 32ஆம் பிரிவே அரசியலமைப்பின் உயிரும் இதயமும் போன்றது என்பது அம்பேத்கர் கருத்து. சட்டம் வகுத்த நெறியாலன்றி ஒருவருடைய உயிரையோ உரிமையையோ பறித்தலாகாது என்பது 21ஆம் பிரிவு. கைது செய்யப்பட்டவரைப் பயணத்துக்கு வேண்டிய நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தவேண்டும் என்பது 22ஆம் பிரிவு.

பிற வழக்குகளைப் பாதிக்கப்பட்டவரே தொடுக்கவேண்டும் என்பது பொது விதி. அடைபட்டுக் கிடப்பவன் நீதிமன்றத்துக்கு நடந்து வருவது எங்ஙனம்? ஆகவே பெற்றோர், மனைவி, நண்பர் எவரும் அவன்பொருட்டு மனுச் செய்யலாம். திகார்ச் சிறையில் மரண தண்டனைக் கைதி ஒருவர், உடனிருந்த மற்றொரு கைதியைச் சிறைக்காவலர் கொடுமைப்படுத்தியதைக் குறித்து நீதிபதி ஒருவர்க்குக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தையே உச்சநீதிமன்றம் ஆட்கொணர்வு மனுவாக ஏற்று 1979ஆம் ஆண்டில் தீர்ப்பு வழங்கியது.

குற்றம் செய்தவனை மட்டுமன்றி, செய்யக்கூடும் என்று அரசு கருதுபவனையும் அடைத்து வைக்கத் தடுப்புக் காவற் சட்டங்கள் உண்டு. தமிழ்நாட்டில் ‘குண்டர் சட்டம்’ என மக்கள் வழங்கும் 1982ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் ஒன்று. அதன்படி ஒருவரை ஓராண்டுவரை வைத்திருக்கலாம். விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம் இத்துணைப் பெரிதாதலின், சிறு வழுவையும் நீதிமன்றம் பொறுப்பதில்லை. காவலில் வைத்த காரணத்தை அவருக்கு விளங்கும் மொழியில் தெரிவிக்கவேண்டும். ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு ஆங்கிலத்தில் காரணங்கள் தரப்பட்டன. அவர் இந்தியில் கேட்டும் மறுக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. புரியாத மொழியில் கூறிய காரணம் கூறாத காரணமே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

எனினும் எல்லாக் கைதுக்கும் இவ்வாணை மருந்தன்று. நடுவர் ஒருவர் முறைப்படி காவலில் வைக்க ஆணையிட்டபின், அவ்வாணையை மேல்முறையீடு முதலிய வழிகளால் எதிர்த்தலே பொது நெறி. 2023ஆம் ஆண்டில் தமிழக அமைச்சர் ஒருவர் கைதானபோது அவர் மனைவி தொடுத்த மனுவில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பளித்தனர்; முடிவில் உச்சநீதிமன்றம் இந்நெறியையே வலியுறுத்தியது. இனி, மகளைக் காணோம் என்று தந்தை தொடுக்கும் மனுக்களும் பல. அவளை வரவழைத்து நீதிபதிகள் அவள் விருப்பத்தைக் கேட்பர். அவள் உரிய வயதடைந்தவளாய், தன் விருப்பத்தாலேயே சென்றதாக உரைப்பின், அவள் விரும்பும் இடத்துக்கு அனுப்புவர். மனுச் செய்தவர் தந்தை என்பதனால் மகள் அவருக்கு உடைமை ஆகாள்.

இவ்வுரிமை நம் நாட்டில் ஒருகால் அணைந்து போயிற்று. 1975 சூன் 25ஆம் நாள் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவரும் தொண்டரும் இதழாளரும் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். 21, 22ஆம் பிரிவுகள் தரும் உரிமைகளைக் காட்டி நீதிமன்றம் செல்லலாகாது என்று குடியரசுத் தலைவர் ஆணை பிறந்தது. அவ்வாணை இருந்தும் உயர்நீதிமன்றங்கள் ஒன்பது, மனுக்களை விசாரிக்கலாம் என்றன. வழக்கு உச்சநீதிமன்றத்தில் ஐவர் முன் வந்தது. காவலர் ஒருவர் தனிப்பகையால் ஒருவனைக் கொன்றாலும் கேட்க வழியில்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா வினவ, நெருக்கடிநிலை உள்ளவரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். 1976 ஏப்ரல் 28ஆம் நாள் நால்வர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மாறுபட்டார். மறு ஆண்டு சனவரியில், மூத்தவரான அவரை விடுத்து இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி துறந்தார்.

அவர் வினவிய வினா வெறும் கற்பனையன்று. அவ்வாண்டு மார்ச்சு முதல் நாள் கோழிக்கோட்டுப் பொறியியற் கல்லூரி மாணவன் ஒருவன் விடுதியிலிருந்து காவலரால் கொண்டு செல்லப்பட்டான். ஆசிரியரான அவன் தந்தை அதிகாரிகளையும் அமைச்சரையும் நாடி அலைந்தார்; விடை கிடைக்கவில்லை. நெருக்கடிநிலை நீங்கிய 1977 மார்ச்சிலேயே கேரள உயர்நீதிமன்றத்தில் அவரால் ஆட்கொணர்வு மனுச் செய்ய முடிந்தது. மகனைக் கொண்டுவந்து நிறுத்துக என்று ஏப்ரலில் ஆணை பிறந்தது. நிறுத்த ஆள் இல்லை. அவன் காவலில் இறந்துவிட்டமை அப்பொழுதுதான் வெளிப்பட்டது. நிகழ்ச்சியின்போது உள்துறை அமைச்சராயிருந்து, அண்மையில் முதலமைச்சரான கருணாகரன் பதவி விலகினார். மாணவனுடைய உடல் கிடைக்கவேயில்லை.

1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம், எந்த நெருக்கடியிலும் 20, 21ஆம் பிரிவுகளை முடக்கலாகாது என்று வரையறுத்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்போ ஏடுகளில் அப்படியே கிடந்தது. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த அவையே அது பிழையென்று கூறி நீக்கிற்று. அவர்களுள் ஒருவரும், அப்பகுதியை எழுதியவரும், டி. ஒய். சந்திரசூட்டு. 1976ஆம் ஆண்டில் அரசின் பக்கம் தீர்ப்பளித்த நால்வருள் ஒருவரான ஒய். வி. சந்திரசூட்டு அவர்தம் தந்தையாவார்.